பாடம் செய்தவர் பெயர் எங்கே?

நூதனசாலைகளுக்குப் போகும் வழக்கமுள்ளவர்கள், அங்கே பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கும் விலங்குகளின் கீழேயுள்ள பெயர்ச்சீட்டுகளைக் கவனித்திருப்பார்கள். விலங்கின் பெயர் இருக்கும். அது கிடைத்த இடமும் ஆண்டும் சில வேளைகளில் இருக்கும். அதைச் சுட்டு வீழ்த்திய துரையின் பெயர், பட்டம் பதவிகளுடன் இருக்கும். சுடப்பட்டு நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த விலங்கு அழுகாமல், மயிர் உதிராமல், காது மடங்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரணமானவரின் பெயர் மட்டும் இருக்காது.

இது ஒரு சிறிய விடயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன். இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்த வெட்கமே காரணம்.

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த தொடக்க ஆண்டுகளில், ஒரு நூதனசாலையின் விலங்குக் கூடத்தைப் பற்றி ஞாயிறு இதழுக்குக் கட்டுரை எழுத அனுப்பப்பட்டேன். கூடத்தைச் சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ஓர் ஊழியர். இளமையில் தகப்பனாருடன் வேட்டை முகாம்களுக்குப் போய்த் தோலுரித்துப் பழகியவர். நான் பெயர்ச்சீட்டுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, சுடுறது ஒரு நொடி வேலை. அதுக்குப் பிறகு விடியுமட்டும் எங்களுக்கு நித்திரை இல்லை. துரை கூடாரத்துக்குள்ள போயிடுவார். நாங்கள் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில தோலோட இருப்பம்."

கட்டுரை வெளிவந்தது. துரையின் பெயர் அதில் மூன்று இடங்களில் இருந்தது. அந்தப் பெரியவர் "ஒரு முதிய ஊழியர்" என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டார். அவர் பெயரை நான் கேட்கவேயில்லை.

விடியுமட்டும் அப்படி என்ன வேலை என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். அதை விளங்கிக்கொள்ளாமல் என் வாதத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

ஒரு விலங்கு விழுந்த கணத்திலேயே அதன் உடல் பழுதடையத் தொடங்குகிறது. உடற்சூடு தோலுக்கும் தசைக்கும் இடையே அடைபட்டிருக்க, குடலில் இருந்த நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. முதலில் வயிற்றுப் பக்கம் பச்சை நிறமாகும். பின்னர் மயிர் வேரோடு கழன்று கையோடு வரும். அப்படிக் கழன்றுவிட்டால் உலகின் தலைசிறந்த கலைஞராலும் அதைத் திருப்பி நட முடியாது. குளிர் நாடுகளில் இதற்குச் சிறிது அவகாசம் கிடைக்கும். வெப்பமண்டலத்தில் சில மணித்தியாலங்களே கிடைக்கும். ஆகவே தோலை உரிக்கும் வேலை காட்டிலேயே, விழுந்த இடத்திலோ முகாமிலோ, உடனே நடந்தாக வேண்டும். தரையில் இழுத்துச் செல்லக் கூடாது; இழுத்த பக்கத்தில் மயிர் தேய்ந்துவிடும். கழுத்தை அறுக்கக் கூடாது. அறுத்தால் சுவரில் மாட்டும் தலையின் முன்புறத்தில் தையல் தெரியும். தோளுக்குப் பின்னால் சுற்றி வெட்டி, பிடரி வழியாகவே கத்தியை மேலே கொண்டுபோக வேண்டும். தோலை மிச்சமாக விட்டு வெட்டினால் பின்னர் கத்தரித்துக்கொள்ளலாம். குறைத்து வெட்டினால் அதற்குப் பரிகாரமில்லை.

இதெல்லாம் இலகுவான பகுதி. முகத்துக்கு வரும்போதுதான் கைவண்ணம் தெரியும். கண்ணிமையின் ஓரத்தைக் கிழிக்காமல், கண்ணோரப் பள்ளத்தில் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தபடியே கத்தியை நகர்த்த வேண்டும். உதடுகளை உட்புறமாகப் பிளந்து விரிக்க வேண்டும். காதின் பின்தோலைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து, காலுறையைப் புரட்டுவதுபோல நுனிவரை புரட்ட வேண்டும். எங்கே ஒரு விரற்கடை அளவு தசை எஞ்சியிருக்கிறதோ அங்கே உப்பு இறங்காது. உப்பு இறங்காத இடத்தில் மயிர் நிற்காது.

பிறகு உப்பு. கல்லுப்பு சமமாகப் படியாது, பொடியுப்புத்தான் வேண்டும். தோலின் எடைக்கு ஏறத்தாழ நிகரான எடை உப்பை, ஒவ்வொரு மடிப்பிலும் ஓரத்திலும் கையால் தேய்க்க வேண்டும். தசைப்பக்கம் உள்ளே இருக்க மடித்து, நீர் வடிய ஒரு சரிவில் வைக்க வேண்டும். மறுநாள் பழைய உப்பை உதறிவிட்டுப் புதிய உப்பைத் தேய்க்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் கொழுப்பு உருகித் தோல் வெந்துபோகும். உலர்ந்தது போலத் தோன்றும். பதனிடத் தண்ணீரில் ஊறவைக்கும்போது துண்டு துண்டாகப் பிய்ந்துவரும். மண்டையோட்டைத் தனியே எடுத்துத் தசை நீக்கி, மூளையை அகற்ற வேண்டும். மழை பெய்தாலும் எறும்பும் ஈயும் மொய்த்தாலும் வேலை நிற்கக் கூடாது.

இத்தனையையும் செய்த கைகளைப் பற்றித்தான் கேட்கிறேன். அவை யாருடைய கைகள்?

1909 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பதவியிலிருந்து இறங்கிய அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், அதே மாதம் மகன் கேர்மிட்டுடன் கிழக்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்கு மாதிரிகளைச் சேகரிப்பது நோக்கம். அவர் கொண்டுபோன பொருள்களில் தோல்களுக்கான பொடியுப்பு மாத்திரம் நான்கு தொன். தந்தையும் மகனும் சுட்டவை 512 விலங்குகள். சிறு பிராணிகள் உட்பட அந்தப் பயணத்தின் விலங்கு மாதிரிகள் ஏறத்தாழ 11,400. அக்காலத்துக் கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு சுமைதூக்கியின் வழக்கமான தலைச்சுமை 60 றாத்தல். கணக்குப் போட்டுப் பாருங்கள். உப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தூக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், நான்கு தொன் என்பது ஏறத்தாழ 150 பேரின் தலைச்சுமை. போகும்போது உப்பு, வரும்போது உப்பிட்ட தோல்.

அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட் வெளியிட்ட பயண நூலில், தாமும் மகனும் சுட்டவற்றின் பட்டியலை இனம் இனமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நேர்மையாகச் சொல்வதானால், துப்பாக்கி சுமந்தவர்கள் சிலரின் பெயர்கள் அந்நூலில் உண்டு. விலங்கியலாளர் எட்மண்ட் ஹெல்லரின் கீழ்த் தோலுரித்த கம்பா இனத்தவரைப் பற்றியும் பேச்சு உண்டு. ஆனால் சுட்டவற்றுக்குப் பட்டியல் போட்டவர், உரித்தவர்களுக்குப் பட்டியல் போடவில்லை. ஒரு யானையின் தோலை உரித்து, அதன் உட்புறத்தை ஒட்டச் செதுக்கி மெல்லியதாக்கி, உப்பிட்டு, மனிதத் தலைகளில் ஏற்றி அனுப்புவது எத்தகைய உழைப்பு! அந்த உழைப்பு இல்லாவிட்டால் ரூஸ்வெல்ட் சுட்டவை கழுகுக்கும் கழுதைப்புலிக்கும் இரையாகியிருக்கும். வாஷிங்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்திருப்பது வெறும் எண்ணிக்கைதான்.

எண்ணிக்கை மாத்திரம் மிஞ்சுவது எப்படியிருக்கும் என்பது இலங்கையருக்குத் தெரியாததல்ல. இந்தத் தீவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் பெயரைச் சொன்னால் நம் நினைவுக்கு வருவது அந்த எண்ணிக்கையும் அந்த இடியும்தான். கொலையினால் அறிவு பிறப்பதில்லை. கொலைக்குப் பின் நடக்கும் பராமரிப்பினாலும் குறிப்பினாலுமே பிறக்கிறது.

இதற்கு விஞ்ஞான வரலாற்றிலேயே ஒப்பற்ற சான்றொன்று உண்டு. 1826 இல் எடின்பரோ நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, பதினேழு வயதுகூட நிரம்பியிராத அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்த ஓர் இளைஞன், பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரைத் தேடிப் போனான். நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மாதங்கள், கட்டணம் ஒரு கினி. இளைஞன் சார்ள்ஸ் டார்வின். ஆசிரியர் ஜோன் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர். இன்றைய கயானாவைச் சேர்ந்த டெமராராவில் அடிமையாக இருந்தவர். சார்ள்ஸ் வாட்டர்டன் என்ற இயற்கையியலாளருடன் காடுகளுக்குள் போய், பிடித்த பறவை வெப்பத்தில் அழுகுமுன் அங்கேயே பாடம் செய்யப் பழகியவர். பின்னர் ஸ்கொட்லாந்துக்கு வந்து விடுதலை பெற்று, அந்தத் தொழிலையே சீவனோபாயமாகக் கொண்டார். டார்வின் முதுமையில் எழுதிய சுயசரிதையில் அவரை நன்றியோடும் பிரியத்தோடும் நினைவுகூர்கிறார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. டார்வினின் எழுத்துகளில் பெயரற்றிருந்த அந்த ஆசிரியர் யார் என்பதைப் பிற்காலத்தவர் தேடிக் கண்டெடுக்க வேண்டியிருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1835 இல் கலாபகோஸ் தீவுகளில் சேகரித்த குருவிகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்று டார்வின் முறையாகக் குறித்துவைக்கவில்லை. பிற்பாடுதான் அந்தத் தகவல் எவ்வளவு இன்றியமையாதது என்று தெரியவந்தது. அப்போது கைகொடுத்தவை கப்பல் தலைவர் பிட்ஸ்ரோயின் சேகரிப்பும், அவருடைய பணியாளர் ஹரி புல்லரின் சேகரிப்பும், டார்வினின் சொந்தப் பணியாளர் சிம்ஸ் கொவிங்டனின் சேகரிப்பும் ஆகும். எசமான் எழுதத் தவறிய சீட்டை வேலைக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள்! பெயர்ச்சீட்டு என்பது அலங்காரமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையா?

எல்லோரும் மறந்தார்கள் என்று சொல்வதும் நியாயமல்ல. மலாயத் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞரை 1855 இல் சமையல் வேலைக்கு அமர்த்தினார். அலி சுடவும் தோலுரிக்கவும் கற்றுத் தேர்ந்தார். 1858 இல் பச்சான் தீவில், மார்பில் பச்சை மின்ன, தோள்களிலிருந்து வெண்ணிற இறகுகள் நீண்டு நிற்கும் அபூர்வப் பறவையொன்றை முதலில் சுட்டுக் கொண்டுவந்து காட்டியவர் அவரே. வாலஸ் அதை மறைக்கவில்லை. அலியின் பெயரோடு எழுதினார். 1862 இல் சிங்கப்பூரில் அலியைப் பிரியும்போது புகைப்படமும் எடுப்பித்தார். ஆயினும் அந்தப் பறவைக்கு விஞ்ஞான உலகம் வைத்தது வாலஸின் பெயரைத்தான். 1907 இல் தெர்னாத்தே தீவுக்குப் போன அமெரிக்க விலங்கியலாளர் தோமஸ் பார்பரிடம், முதியவர் ஒருவர் வந்து தம்மை "அலி வாலஸ்" என்று அறிமுகம் செய்துகொண்டார். பறவைக்குக் கிடைத்த பெயரைத் தாமும் எடுத்து வைத்துக்கொண்டார் போலும்.

பெயர் கிடைக்காத இவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. அது நஞ்சு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மெட்ஸ் நகரத்து பெக்கூர் என்பவர், பூச்சி அரிக்காமல் தோலைக் காக்க ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் ஒன்றை ஆக்கினார். நம் முன்னோர் பாஷாணம் என்று அஞ்சிய அதே பொருள். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு உலகமெங்கும் பாடம் செய்வோர் அதைத் தோலின் உட்புறத்தில் தூரிகையாலும் கையாலும் பூசினார்கள். இன்று அந்தப் பழைய உருவங்களைத் தொடுவதற்கு முன் நூதனசாலைப் பணியாளர்கள் கையுறை அணிகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் நமக்கே எச்சரிக்கை தேவைப்படுகிறதென்றால், கையுறையின்றி வாழ்நாள் முழுவதும் அதைப் பூசியவரின் நகக்கண்ணும் நுரையீரலும் என்னவாகியிருக்கும்? அவருக்கு நடுகல் வேண்டாம். ஒரு சீட்டில் ஒரு வரி கூடவா இல்லை?

வெள்ளைத் துரைமாரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. அயலில் மைசூரில் வான் இங்கன் குடும்பத்தாரின் தொழிற்கூடம் 1999 வரை இயங்கியது. உப்பிட்டுச் சுருட்டிய புலித்தோல்களும் சிறுத்தைத் தோல்களும் காடுகளிலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. பாய்ந்து வருவது போன்ற அந்த முகங்களில் குடும்பத்தின் பெயர் இன்றும் ஏலக்கூடங்களில் விலை பேசுகிறது. அதே தொழிற்கூடத்தில் உழைத்த இந்தியத் தொழிலாளரின் பெயர்களை அந்த ஏலக்காரர் எவரும் உச்சரிப்பதில்லை. அந்த மௌனம் நமக்கும் பழக்கமானதுதான். தோல் தொட்ட கையைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. மிருதங்க வித்துவானின் பெயரைப் பட்டத்தோடு உச்சரிப்போம். அந்த மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்து, நாதம் ஏற்றியவரின் பெயர் தெரியாது. இதைக் கேள்விக்குட்படுத்தி ரி. எம். கிருஷ்ணா 2020 இல் ஒரு நூல் எழுதியபோது அதற்கு எழுந்த சலசலப்பை மறந்துவிட்டோமா?

நம் நாட்டிலேயே, 2022 மார்ச் 7 ஆம் திகதி நெடுங்கமுவ ராஜா என்ற யானை இறந்தது. கண்டிப் பெரஹராவில் புனித தந்தப் பேழையைச் சுமந்த யானை. அதன் உடலைப் பாடம் செய்து பேணும்படி அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பணிப்புரை விடுத்தார். பணிப்புரை விடுத்தவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மார்ச் மாத வெக்கையில் அந்த மலை போன்ற உடலைச் சுற்றி நின்று தோலுரித்தவர்கள் யார்? எனக்குத் தெரியாது. வாசகர்களே, உங்களுக்குத் தெரியுமா?

என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறியாமலில்லை.

வேட்டை என்ற பாவத் தொழிலுக்கு நீ மாலை சூட்டுகிறாயா என்று சிலர் கேட்பர். இல்லை. விலங்கைக் கொன்று சுவரில் மாட்டுவதை நான் வெறுக்கிறேன். ஆனால் அந்தக் கூடங்களை நாம் எரித்துவிடவில்லை. நம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச்சென்று காட்டுகிறோம். காட்டுவதானால் முழுக் கதையையும் காட்ட வேண்டும். சுட்டவரின் பெயரை வைத்துக்கொண்டு உரித்தவரின் பெயரை விடுவது வேட்டையைக் கண்டிப்பதாகாது. வேட்டைக்காரரின் பெருமையை அவர் விரும்பியபடியே பேணுவதாகும்.

கூலி கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன கடன் என்பர் வேறு சிலர். கூலியால் உழைப்பின் கணக்குத் தீரலாம். நூதனசாலை என்பது உண்மையைப் பதிவு செய்யும் இடம். அங்கே கேட்கப்படுவது கூலிக் கணக்கல்ல. இந்தப் பொருள் எப்படி உண்டாயிற்று என்ற கேள்விக்கான விடை.

பழைய பெயர்களை இனி எங்கே தேடுவது என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே ஓரளவு நியாயமானது. தேடக்கூடிய இடங்களும் உண்டு: சம்பளப் பதிவேடுகள், முகாம் நாட்குறிப்புகள், நூதனசாலைகளின் பழைய ஊழியர் கோவைகள், ஓய்வுபெற்றவர்களின் வீடுகள். தேடியும் கிடைக்காவிட்டால் "தோலுரித்துப் பாடம் செய்தவர்: பெயர் பதியப்படவில்லை" என்று எழுதி வையுங்கள். ஒரு மனிதர் இருந்தார், அவர் பெயரை எழுத எவரும் அக்கறைப்படவில்லை என்ற உண்மையாவது அதில் இருக்கும். இப்போது உள்ள சீட்டைப் படிக்கும் பிள்ளை, துரை சுட்டவுடன் விலங்கு தானாகவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டதாக அல்லவா எண்ணும்?

நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையின் வாயிலில் 1940 முதல் ரூஸ்வெல்டின் சிலையொன்று நின்றது. அவர் குதிரைமேல், இரு பக்கத்திலும் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரும் ஆபிரிக்கர் ஒருவரும் கால்நடையாக. நீண்ட வாதப் பிரதிவாதங்களின் பின்னர் 2022 சனவரியில் அதை அகற்றினார்கள். நல்லதே. ஆனால் சிலையை அகற்ற ஒரு பாரந்தூக்கி போதும். நடந்து வந்த அந்த இருவருக்கும் பெயர் தேட வருடக்கணக்கான பொறுமை வேண்டும். உலகின் பெரிய நூதனசாலைகளானாலும் நம் நாட்டின் சிறிய கூடங்களானாலும், அந்த இரண்டாவது வேலையைக் கையில் எடுக்காதவரை முதலாவது வெறும் கண்துடைப்பாகவே இருக்கும்.

இளம் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தொழிலிலும் வேட்டைக்காரரும் தோலுரிப்பவரும் உண்டு. மழையில் நனைந்து செய்தியை முதலில் அனுப்பும் பிரதேச நிருபரின் பெயர் விடுபட்டு, கொழும்பில் இருந்து அதைத் திருத்தியவரின் பெயர் கொட்டை எழுத்தில் வருவதை நான் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறேன். சில வேளைகளில் அந்தக் கொட்டை எழுத்துப் பெயர் என்னுடையதாக இருந்தது. ஆகையால் இந்தக் குற்றச்சாட்டை நான் வெளியே நின்று எழுதவில்லை.

அந்த நூதனசாலைக்கு அண்மையில் மீண்டும் போனேன். அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். அங்கிருந்த இளைஞர்களுக்கு அவரைத் தெரியவில்லை. அவர் காட்டிய விலங்கு அதே இடத்தில் நிற்கிறது. காதின் ஓரம்கூட மடங்கவில்லை. சீட்டு மாத்திரம் புதிதாக, மூன்று மொழிகளிலும் அழகாக அச்சடிக்கப்பட்டிருக்கிறது. துரையின் பெயர் மூன்று மொழிகளிலும் இருக்கிறது.